கறுப்புக்கு மேலே குரோம்

குரோம் பூசுவதற்கு முதலில் கறுப்பு அடிக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. வெள்ளி மாதிரி மினுங்க வேண்டுமென்றால் வெள்ளைப் பிளாஸ்டிக்குக்கு மேலேயே அடித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். அப்படி அடித்தால் அது பழைய அலுமினியச் சட்டியின் நிறத்தில் நிற்கும். அடியில் கறுப்பு வேண்டும், அதுவும் முகம் பார்க்கக்கூடிய பளபளத்த கறுப்பு. அது காய்ந்து, மணம்கூடப் போன பிறகுதான் குரோம் டின்னைக் கையில் எடுக்கலாம். உன் வாப்பாவுக்கே இதை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவர் நம்பவில்லை. "புதுப் பம்பருக்குக் கரி பூசுறியேடா, யாகூப்" என்று சிரித்தார்.

நீ கேட்டதற்குத்தான் வருகிறேன், மஸீனா. வாப்பாவின் கடைசி நாட்கள் எப்படி இருந்தன என்று கேட்டாய். குவைத்தில் சண்டை மூண்டு, கட்டிய துணியோடு நீ வந்து இறங்கிய நாளிலிருந்து இந்தத் தெருவில் எல்லோரும் அதைப் பற்றி உனக்கு ஒரு கதை சொல்லியிருப்பார்கள். நல்ல கதைதான். நானும் வாப்பாவின் தம்பி, உன் சாச்சா என்ற முறையில் அதையே இன்னொரு தடவை சொல்லி, உன் தலையைத் தடவிவிட்டுப் போயிருக்கலாம். எனக்கு அலுத்துவிட்டது, வேறு ஒன்றுமில்லை. அந்தத் தேத்தண்ணீரைக் குடி, ஆறிப்போகிறது.

என் நானாவுக்கு, உன் வாப்பாவுக்கு, சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுப்பு உண்டு. ஆனால் அது மழைக்காலத்தில் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிற இழுப்பு. எண்பத்து மூன்றாம் வருஷக் கலவரத்தில்தான் அது நிரந்தரமாகக் குடிவந்தது. நல்லையா முதலாளியின் செவர்லட்டை அவர் ஓட்டிய காலம் உனக்கு ஞாபகம் இருக்கும். மாத்தளையில் யாருக்குக் கலியாணம் என்றாலும் மாப்பிள்ளை அந்தக் காரில்தான் வர வேண்டும். கோயில் வாசலில் நின்றாலும் பள்ளிவாசல் முன்னால் நின்றாலும் பிள்ளைகள் ஓடிவந்து அதன் பம்பரில் முகம் பார்ப்பார்கள். நானா தினமும் காலையில் அந்தப் பம்பரைத் துடைப்பார். உன் உம்மாவை அப்படிக் கவனித்திருந்தால் அவள் இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பாள் என்று நான் அவரைச் சீண்டுவதுண்டு. கலவரத்தன்று முதலாளியின் கடைக்குத் தீ வைத்தபோது இவர் பின்பக்கத்துக் கொட்டிலுக்குள் ஓடினார், காரைத் தள்ளி வெளியே எடுத்துவிடலாம் என்று. முதலாளி தப்பி இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்தார். கார் எரிந்து முடிந்தது. நானா நெஞ்சு நிறையப் புகையோடு வெளியே வந்தார். அதற்குப் பிறகு அவர் எந்த வண்டியிலும் ஸ்டியரிங் பிடிக்கவில்லை.

நீ குவைத்துக்குப் போனது அதற்கு அடுத்த வருஷம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. நீ உன் பங்கைச் செய்தாய், நான் என் பங்கைச் செய்தேன். என் பங்கு என்னவென்றால், தூங்காமல் இருப்பது.

அவரால் படுக்க முடியாது. தலையணைகளை அடுக்கி அதில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண்ணை மூடுவார். மூச்சு முட்டும்போது கூப்பிடக் குரல் வராது. அதற்காக ஒரு நூல் கட்டினோம். ஒரு நுனி அவர் கையில் இருக்கும். மறு நுனி கதவுக்கு மேலே இருக்கும் இடைவெளியால் வந்து, பக்கத்து அறையில் என் கால் பெருவிரலில் கட்டியிருக்கும். அவர் இழுப்பார், நான் எழும்புவேன். முதுகைத் தேய்த்து, மருந்தைக் கொடுத்து, சுடுதண்ணீர் வைத்து, அவர் சற்று அமர்ந்ததும் திரும்ப வந்து படுப்பேன். கண் இழுத்துக்கொண்டு போகும் நேரம் பார்த்து விரல் மறுபடியும் இழுபடும். விடிந்தால் யட்டவத்தை ரோட்டுக் கராஜில் லொறிகளுக்கு பெயின்ட் அடிக்க நான் போக வேண்டும்.

ஊரில் எனக்கு நல்ல பெயர். பள்ளிவாசலில் பயானில்கூட ஒரு தடவை என்னை உதாரணம் காட்டினார்கள். எனக்குப் பேசி வைத்திருந்த கைறுன்னிஸா காத்திருந்து காத்திருந்து உக்குவளைக்கு வாழப் போனாள். அந்தக் கலியாணத்துக்கு நானும் போனேன். எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் சஹன் தட்டில் கை வைத்தபடியே உட்கார்ந்து தூங்கிவிட்டேன். கூட உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அவள் போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. அன்றைக்கு அந்த இடத்தில் ஒரு பாய் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

அப்போதுதான் உன் பார்சல் வந்தது. பெட்டியைப் பிரித்தபோது நானா அழுதார். அதே செவர்லட், அதே மாடல், ஒரு சாண் நீளத்தில், ஒட்டிச் சேர்க்கிற பொம்மைக் காராக, துண்டு துண்டாக. எல்லாம் வெள்ளைப் பிளாஸ்டிக். கூடவே ஸ்ப்ரே டின்னில் குரோம் பெயின்டும் அனுப்பியிருந்தாய். எந்தத் துண்டு எங்கே வரும் என்று படத்தைப் பார்க்காமலே அவர் சொன்னார். முன் பம்பர், பின் பம்பர், கிரில், ஹெட்லைட் வளையங்கள், கதவுக் கைப்பிடிகள், வீல்கப்புகள். "குரோம் இல்லாட்டி அது காரே இல்லடா" என்றார். "இத முடிச்சி என்ட கையில தா. அதுக்குப் பொறகு அல்லாஹ் கூப்பிட்டாலும் பரவாயில்ல."

எனக்கும் ஆசை வந்தது, பொய் சொல்ல மாட்டேன். லொறிக்கு அடித்து அடித்துக் கை தடித்துப்போனவனுக்கு இது வேறு மாதிரி வேலை. துண்டுகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். விளக்குமாற்றில் ஈர்க்கு உடைத்து, ஒவ்வொரு துண்டையும் ஈர்க்கு நுனியில் பிடிக்கவைத்து, வாழைத்தண்டில் வரிசையாகக் குத்தினேன். வெளி விறாந்தையில் வைத்துக் கறுப்பு அடித்தேன். கறுப்பு நன்றாக வந்தது. குரோமும் அங்கேதான் முதலில் அடித்தேன். அடித்து முடிப்பதற்குள் ரோட்டில் ஆமி ட்ரக் ஒன்று போனது. புழுதி முழுக்க பம்பரில் ஒட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டு ஸுபைதா தாத்தா, எனக்கு அக்கா முறை, அவவின் மில்லிலிருந்து மிளகாய்த் தூளும் வந்து படிந்தது. குரோம் காயும்வரை அதைத் தொடவும் முடியாது, ஊதவும் முடியாது. மேலே வார்னிஷ் அடித்து மறைக்கலாம் என்றால் மினுக்கம் செத்துச் சாம்பலாகிவிடும். எல்லாவற்றையும் உரித்துவிட்டு மறுபடி கறுப்பிலிருந்து தொடங்கினேன்.

தன் அறைக்குள் வைத்து அடிக்கச் சொன்னது அவர்தான். இதை நீ நன்றாக மனதில் வைத்துக்கொள். "இங்கன கொண்டாடா, ஜன்னலப் பூட்டிட்டு அடி, நானும் பாத்துட்டு ஈக்கிறேன்" என்றார். வீட்டில் தூசி வராத அறையும் அதுதான். நான் வேண்டாம் என்றேன். ஒரு தடவைதான் சொன்னேன், ஆனால் சொன்னேன்.

டின்னை நன்றாகக் குலுக்கினேன், உள்ளே இருக்கும் குண்டு கடகடவென்று சத்தம் போட்டது. நானா அதற்கும் சிரித்தார். ஈரக் கைலேஞ்சியை மூக்கில் கட்டிக்கொண்டு, முன் பம்பரில் மெல்லியதாக ஒரு தடவை அடித்து, காய விட்டு, மறுபடி ஒரு தடவை அடித்தேன். இந்த வேலையில் அவசரப்படக் கூடாது. ஒரே அடியாக அடித்தால் வழிந்துவிடும். கறுப்புக்கு மேலே வெளிச்சம் ஏறிவருவதை அவர் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் ஒரு கைலேஞ்சி கட்டிவிட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

அன்று பின்னேரமே இழுப்பு தொடங்கியது. வழக்கமானதைவிடக் கூடுதலாக இருந்தது. பொழுதுபட்டு மஃரிபு வரைக்கும் அவர் முதுகோடு போராடினேன். பிறகு அவர் அப்படியே களைத்துச் சாய்ந்துவிட்டார். நான் போய்ப் படுத்தேன். கண்ணைத் திறந்தபோது விடியற்காலைச் சுபஹுக்குப் பாங்கு கேட்டது. நூல் ஒரு தடவைகூட இழுபடவில்லை. பயந்துபோய் ஓடிப் பார்த்தேன், உயிரோடு இருந்தார். கையைத் தூக்கி நூலை இழுக்கிற அளவுக்கு அவரிடம் பலம் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் காலையை உனக்கு எப்படிச் சொல்வது, மகள். வருஷக்கணக்கில் பட்டினி கிடந்தவன் முன்னால் சோற்றை வைத்த மாதிரி இருந்தது. கராஜுக்குப் போகும் வழியில் மலையைப் பார்த்தேன். அது அங்கே இருப்பதையே நான் மறந்துபோயிருந்தேன்.

அதற்குப் பிறகு மிச்சமிருந்த துண்டுகளையெல்லாம் ஒன்றாக வைத்து அடிக்கவில்லை. ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்திருக்கலாம். நான் ஒன்றொன்றாக அடித்தேன். பின் பம்பரை ஒரு நாள், கிரிலை இன்னொரு நாள். ஹெட்லைட் வளையங்களில் ஒன்றை ஒரு நாள், மற்றதை அடுத்த நாள். நேர்த்தியாக வர வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். துண்டுகள் நேர்த்தியாகத்தான் வந்தன. ஒவ்வொரு தடவையும் நான் விடியும்வரை தூங்கினேன்.

டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போகவில்லையா என்று நினைக்காதே. கூட்டிக்கொண்டு போனேன். நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "சாம்பிராணி, அடுப்புப் புகை, பெயின்ட் மணம், எதுவுமே கிட்ட வரக் கூடாது. ஜன்னலைத் திறந்து வைங்க" என்றார். சரி டொக்டர் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தக் கிழமையிலிருந்து வெள்ளிக்கிழமை சாம்பிராணியை நிறுத்திவிட்டேன்.

ஸுபைதா தாத்தாதான் நான் வேலைக்குப் போன நேரத்தில் நானாவுக்குக் கஞ்சி கொண்டுவருவா. ஒரு நாள் அவ கேட்டா: "என்ன தம்பி, சீக்காளி ஈக்கிற அறைய இப்படிப் பூட்டி வெச்சிக்கிறீங்க?"

"உங்கட மில்லுத் தூசிதான் தாத்தா. நானாவுக்கு மிளகாய்த் தூள் ஆகாது" என்றேன்.

அவவின் முகம் அப்படியே சுருங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஜன்னலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கஞ்சியைக் கூடுதலாகக் கொண்டுவந்தா.

நானா இளைத்துக்கொண்டே போனார். ஆனால் காரைப் பற்றிக் கேட்பதை விடவில்லை. எங்கே வரைக்கும் வந்திருக்கிறது, ஒட்டிவிட்டாயா, காட்டு, காட்டு என்று தினமும் கேட்பார். காய்ந்த துண்டுகளை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன். "விரல் பட்டா போச்சி நானா. முழுசா முடிஞ்ச பொறகு காட்டுறேன்" என்பேன். பிள்ளையைப் போலத் தலையாட்டுவார். சில நேரம் அவர் மேல் எனக்குப் பாசம் பொங்கும். அதையும் நிச்சயமாகச் சொல்கிறேன், அவரை நான் வெறுத்ததே இல்லை.

அந்த எண்பத்தொன்பதாம் வருஷம் மாத்தளை எப்படி இருந்தது என்று உனக்கு அங்கே தெரிந்திருக்காது. காலையில் ரோட்டோரத்தில் டயர் போட்டு எரித்த உடல் புகைந்துகொண்டிருக்கும், யாருடையது என்று எவரும் நின்று பார்க்க மாட்டார்கள். வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போன பொடியன்கள் திரும்பி வரவில்லை. கடையைத் திறந்தால் இயக்கக்காரருக்குப் பயம், மூடினால் ஆமிக்குப் பயம். படுக்கையில் செத்தவனைப் பார்த்து ஊரே பொறாமைப்பட்ட காலம். ஒருவர் நோயில் மௌத்தானார் என்றால், எப்படி என்று கேட்க எவருக்கும் தோன்றாது.

அன்றைக்குப் பகலிலேயே ஊரடங்குச் சட்டம் போட்டுவிட்டார்கள். நான் கராஜிலிருந்து குறுக்கு வழியால் வீடு வந்து சேர்ந்தேன். ளுஹர் தொழுதேன். நானாவுக்குச் சோறு குழைத்துக் கொடுத்தேன், நான்கு வாய் சாப்பிட்டார். அன்று அவர் ஓரளவு தெம்பாகத்தான் இருந்தார். அதனால் எனக்குக் கவலையாக இருந்தது. முந்தின கிழமை, ஏழு நாளும், நூலை இழுக்கிற தெம்பு அவருக்கு இருந்தது, ஓயாமல் இழுத்தார்.

நான் ஜன்னலை மூடினேன். இடுக்கில் துணியைத் திணித்தேன். டின்னைக் குலுக்கும் சத்தம் கேட்டு அவர் கண்ணைத் திறந்தார்.

"இன்னம் என்னடா மிச்சம்?"

"கொஞ்சம் ஈக்கு நானா."

"சரி, சரி. வடிவா அடி" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார், பார்ப்பதற்கு.

கைலேஞ்சியைக் கட்டிக்கொண்டேன். அவருக்கு முதுகைக் காட்டி நின்று, மேசைப் பக்கமாக அடித்தேன். அடித்து, பொறுத்து, மறுபடி அடித்தேன். டின் காலியாகும் வரைக்கும் அடித்தேன். அறையில் மினுமினுவென்று ஒரு மூட்டம் நின்றது. "ஜன்னலக் கொஞ்சம் தொற, தம்பி" என்று அவர் சொன்னார். காயட்டும் நானா, இப்ப தொறந்தா தூசி விழும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். என் அறையில் போய்க் கட்டிலில் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் நூலைக் காலில் கட்டிக்கொண்டேன்.

இழுத்தார். நான் உட்கார்ந்திருந்தேன். மறுபடி இழுத்தார், பலமாக, விரல் சிவக்கும் அளவுக்கு. பிறகு விட்டுவிட்டு இழுத்தார். பிறகு யாரோ நூலின் மேல் கையை வைத்திருப்பது போல மட்டும் இருந்தது. பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொன்னபோது நூல் தளர்ந்திருந்தது. நான் போய் ஜன்னலைத் திறந்துவிட்டு, காற்று நன்றாக வந்துபோக நேரம் கொடுத்து, அதற்குப் பிறகு ஸுபைதா தாத்தாவைச் சுவருக்கு மேலால் கூப்பிட்டேன்.

ஊரடங்கிலும் ஜனாஸாவுக்கு அனுமதி கிடைத்தது. மையித்தை வைத்த சந்தூக்கைத் தூக்க அளவான ஆட்கள் மட்டும் போகலாம் என்றார்கள். மையித்தைக் குளிப்பாட்ட கலந்தர் காக்கா வந்தார். இரத்த உறவு என்பதால் நானும் கூட நின்று தண்ணீர் ஊற்றினேன். பஞ்சால் மூக்கைத் துடைத்தபோது பஞ்சு வெள்ளியாக வந்தது. காக்கா என்னைப் பார்க்கவில்லை. இன்னொரு பஞ்சை எடுத்தார், அதுவும் அப்படியே வந்தது. தாடியிலும் கண் இமையிலும் நெற்றியிலும் மெல்லியதாக ஏறியிருந்தது. தண்ணீருக்கு அது போகாது, மகள். தின்னர் வேண்டும்.

மையித்தைக் குளிப்பாட்டுகிறவர் கெட்டது எதைக் கண்டாலும் மூடிவிட வேண்டும், நல்லதைக் கண்டால் சொல்லலாம். கலந்தர் காக்கா வாழ்நாள் முழுக்க அதைக் கடைப்பிடித்தவர். கபன் துணி இட்டு முகத்தைத் திறந்து வைத்தபோது வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பின்னேர வெயில் பட்டு நானாவின் முகம் ஒளியாக மினுங்கியது. யாரோ ஒருவர், "முகத்துல நூர் இறங்கி ஈக்கு" என்றார். உடனே எல்லோரும் சுப்ஹானல்லாஹ் என்றார்கள். ஸுபைதா தாத்தா கதவுக்குப் பின்னால் நின்று, "எங்கட மில்லுதான் இந்த மனுஷன எடுத்த" என்று மார்பில் அடித்து அழுதா. காக்கா கையைத் திரும்பத் திரும்பச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். இந்த நோன்போடு அவரும் மௌத்தாகிவிட்டார்.

வாப்பாவின் முகம் ஒளியாக இருந்ததாம், அந்த ஒன்றை நினைத்துத்தான் குவைத்தில் தாக்குப்பிடித்தேன் என்று நேற்று நீ ஸுபைதா தாத்தாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் உள்ளே இருந்து கேட்டேன். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்தான். ஆனால் அதற்குப் பிறகு நீ பின்கட்டைக் கூட்டப் போனாய், அங்கே கிடந்த டின்களைக் கண்டாய். கையில் எடுத்துக் குலுக்கிப் பார்த்தாய். இரண்டு டின் அனுப்பினேன், ஒன்றே இரண்டு காருக்குப் போதும் என்றுதான் கடைக்காரன் சொன்னான், எப்படி இரண்டும் முடிந்தது சாச்சா என்று கேட்டாய். நீ சும்மாதான் கேட்டாய்.

நான் கொலைகாரன் இல்லை, மஸீனா. கையால் அவரை ஒன்றும் செய்யவில்லை. விஷம் வைக்கவில்லை. அவர் ஆசைப்பட்ட வேலையை, அவர் சொன்ன அறையில், அவர் கண் முன்னாலேயே செய்தேன். தூசி விழக் கூடாது என்று ஜன்னலை மூடினேன். எந்த பெயின்ட்காரனும் அதைத்தான் செய்வான். இத்தனை நாளும் என்னை நானே இப்படித்தான் சமாதானம் செய்துகொண்டு படுத்தேன். நல்ல தூக்கமும் வந்தது. நீ டின்னைக் குலுக்கிய பிறகு, நேற்று ராத்திரிதான் அது வரவில்லை.

ஊரடங்கு போட்ட அன்று மில் ஓடவில்லை. ரோட்டில் ஒரு பஸ்கூட இல்லை. அவ்வளவு சுத்தமான காற்றை மாத்தளையில் நான் அதற்கு முன்னால் கண்டதில்லை. கார் அதற்கு முந்தின கிழமையே முடிந்துவிட்டது, மகள். ஒட்டி, சக்கரம் பூட்டி, அலுமாரிக்குள் வைத்திருந்தேன். அன்றைக்கு அந்த மேசையில் குரோம் பூச ஒரு துண்டும் இருக்கவில்லை.